புது ப்ராஜெக்ட்ல வர்ற டெமோ கோடை துடைக்க ஒரு சிஎல்ஐ (கமாண்ட்லைன்) டூல் எழுதுறேன், எதை அழிக்கலாம்னு அது எப்படி முடிவு பண்ணணும்?

நள்ளிரவு_டெவ்:

வணக்கம் மக்களே. வைட்ல (வெப் ப்ராஜெக்ட் உருவாக்கி ஓட்டுற டூல்) ஒரு ரியாக்ட் ப்ராஜெக்ட் ஆரம்பிச்சா நான் பண்ற முதல் வேலையே அதோட டெமோவா வர்ற அந்த சுத்துற லோகோவையும் "கவுன்ட் இஸ் 0" பட்டனையும் தூக்குறதுதான். அப்புறம் ஆப்.சிஎஸ்எஸ் காலி பண்ணணும், இண்டெக்ஸ்.சிஎஸ்எஸ்ல பாதியை எடுக்கணும், அசெட்ஸ் ஃபோல்டர்ல கிடக்கிற ரியாக்ட்.எஸ்விஜி, பப்ளிக் ஃபோல்டர்ல கிடக்கிற வைட்.எஸ்விஜி, இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்ல டைட்டில், ரீட்மீ... பெரிய வேலைன்னு சொல்ல முடியாது, ஆனா ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒண்ணு விட்டுப்போகுது. நெக்ஸ்ட்ங்கிற ஃப்ரேம்வொர்க் பக்கம் போனா அங்க வேற லிஸ்ட், வியூ பக்கம் போனா அது வேற.

அதனால நோட்.ஜேஎஸ்ல ஒரு சின்ன கமாண்ட்லைன் டூல் எழுதிட்டு இருக்கேன். ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல நின்னு ஓட்டினா பேக்கேஜ்.ஜேசனை படிச்சு இது வைட்டா நெக்ஸ்டான்னு கண்டுபிடிக்கும், அதுக்கான லிஸ்ட்ல இருக்கிற ஃபைல்களை அழிக்கும், ஆப் ஃபைலை வெறும் கம்போனன்ட்டா மாத்தி எழுதும், அவ்வளவுதான். இப்போதைக்கு ஃபைல் பேரை மட்டும் வச்சுதான் அழிக்குது, அதுதான் எனக்கு உறுத்துது. யாராவது ரெண்டு வாரம் உழைச்ச ப்ராஜெக்ட்ல போய் இதை ஓட்டினா? ஆப்.ஜேஎஸ்எக்ஸ்ங்கிற பேரு அப்பவும் அதேதானே, உள்ள இருக்கிறது மட்டும்தான் அவங்க எழுதினது. "அழிக்கட்டுமா"ன்னு ஒரு கேள்வி கேட்டா போதுமா? யாரும் படிக்காம என்டர் தட்டிட்டு போவாங்கன்னுதான் தோணுது.

இன்னொண்ணு, இதை என்பிஎம்ல (ஜேஎஸ் பேக்கேஜ்களை எல்லாரும் இறக்கிக்கிற இடம்) போட்டா யாருக்காவது பயன்படுமா, இல்ல ஏற்கனவே இருக்கிறதையே நான் திரும்ப செஞ்சிட்டு இருக்கேனா?

செமிகோலன்:

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல சொல்லிடறேன் ப்ரோ. பாதி இடத்துல உங்க டூலுக்கு வேலையே இல்ல, ஏன்னா டெமோ கோட் வராமலேயே ப்ராஜெக்ட் உருவாக்க வழி இருக்கு. கிரியேட்-நெக்ஸ்ட்-ஆப்ல (நெக்ஸ்ட் ப்ராஜெக்ட் உருவாக்குற கமாண்ட்) "எம்ப்டி"ன்னு ஒரு ஃபிளாக், அதாவது கமாண்டோட சேத்து கொடுக்குற ஆப்ஷன் இருக்கு, கொடுத்தா அந்த படம் எல்லாம் இல்லாம வெறும் பேஜ் வரும். கிரியேட்-வியூ இப்பல்லாம் ஓட்டும்போதே எக்ஸாம்பிள் கோட் வேணாமா, காலியா ஆரம்பிக்கலாமான்னு கேக்குது. ஸ்வெல்ட்கிட், அஸ்ட்ரோ ரெண்டுலயும் "மினிமல்" டெம்ப்ளேட் தனியாவே இருக்கு. இதெல்லாம் பாதி பேருக்கு தெரியாது, என்டர் என்டர்னு தட்டிட்டு போயிடுவாங்க, அப்புறம் உக்காந்து அழிச்சிட்டு இருப்பாங்க.

ஆங்குலர்லயும் "மினிமல்" ஃபிளாக் இருக்கு, ஆனா பேரை பாத்து ஏமாறாதீங்க. அது டெஸ்ட் ஃப்ரேம்வொர்க் இல்லாம வொர்க்ஸ்பேஸ் உருவாக்குறதுக்கு, கத்துக்கிறவங்களுக்கு மட்டும்னு அவங்க டாக்ஸ்லயே போட்டிருக்கும்.

ஆக மிச்சம் இருக்கிறது வைட்தான். ரியாக்ட் டெம்ப்ளேட் எடுத்தா லோகோவும் கவுன்டரும் சேர்ந்தேதான் வரும். கிரியேட்-ரியாக்ட்-ஆப்பை (ரியாக்ட் ப்ராஜெக்ட் உருவாக்குற பழைய டூல்) 2025 பிப்ரவரியிலயே டெப்ரிகேட் பண்ணிட்டாங்க, அதாவது புது ப்ராஜெக்ட்டுக்கு வேணாம்னு சொல்லிட்டாங்க, ஆனா பழைய கோர்ஸ் வீடியோ பாத்துட்டு இன்னிக்கும் அதுல ஆரம்பிக்கிறவங்க இருக்காங்க, அவங்களையும் சேத்துக்கிட்டா உங்க டூலுக்கு ஆள் உண்டு.

ஒரு விஷயம் பாருங்க, எக்ஸ்போல (மொபைல் ஆப் எழுதுற ஃப்ரேம்வொர்க்) டீஃபால்ட் டெம்ப்ளேட் கூடவே "ரீசெட்-ப்ராஜெக்ட்"னு ஒரு ஸ்கிரிப்ட் வரும். அது எடுத்த எடுப்புல அழிக்காது, இருக்கிற டெமோ கோடை "ஆப்-எக்ஸாம்பிள்"ங்கிற ஃபோல்டருக்கு நகத்தட்டுமான்னு கேக்கும், சரின்னா நகத்திட்டு காலியா ஒரு ஆப் ஃபோல்டர் போட்டு கொடுக்கும். உங்க பயத்துக்கு பாதி மருந்து அதுலயே இருக்கு. அழிக்காதீங்க, ஓரமா எடுத்து வைங்க.

பழைய_பிரவுசர்:

எல்லாரும் ஜேஎஸ்எக்ஸ் பத்தியே பேசுறீங்க, உண்மையான தலைவலி சிஎஸ்எஸ்தாங்க. கவுன்டர் கோட் தங்கிப்போனா கண்ணுக்கு தெரியும், எடுத்துடுவீங்க. மிச்சம் விட்ட சிஎஸ்எஸ் கண்ணுக்கு தெரியாம உள்ள உக்காந்துட்டு ஒரு மாசம் கழிச்சு வேலைய காட்டும்.

வைட் ரியாக்ட் டெம்ப்ளேட்ல ரொம்ப காலமா வந்த இண்டெக்ஸ்.சிஎஸ்எஸ்ஸை எடுத்து பாருங்க. பாடிக்கு டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ், பிளேஸ்-ஐட்டம்ஸ் சென்டர், மின்-ஹைட் 100 விஎச். ஆப்.சிஎஸ்எஸ்ல ரூட் ஐடிக்கு மேக்ஸ்-விட்த் 1280 பிக்சல், மார்ஜின் ஆட்டோ, பேடிங் 2 ரெம், டெக்ஸ்ட்-அலைன் சென்டர். இந்த ரெண்டு ஃபைலும் ஒண்ணை ஒண்ணு நம்பி நிக்குது. நீங்க ஆப்.சிஎஸ்எஸ்ஸை மட்டும் அழிச்சுட்டு இண்டெக்ஸ்.சிஎஸ்எஸ்ஸை விட்டீங்கன்னா என்ன ஆகும்? பாடி இன்னும் ஃப்ளெக்ஸ், ரூட் டிவ் ஒரு ஃப்ளெக்ஸ் ஐட்டம், அது உள்ள இருக்கிறதுக்கு எவ்வளவு அகலம் வேணுமோ அவ்வளவுதான் எடுத்துக்கும். பேஜ் இடது பக்கம் ஒட்டிக்கிட்டு செங்குத்தா நடுவுல தொங்கும். "என் நேவ்பார் ஏன் முழு அகலம் வரமாட்டேங்குது"ன்னு கேக்குற கேள்வியில நிறைய இந்த கேஸ்தான். மாத்தி ஆப்.சிஎஸ்எஸ்ஸை விட்டுட்டா எல்லா பாராவும் நடுவுல அலைன் ஆகி நிக்கும், பெரிய ஸ்கிரீன்ல 1280க்கு மேல பேஜ் விரியாது.

அதை விட மோசம் கலர்-ஸ்கீம் லைன். ரூட்ல டார்க் பேக்ரவுண்டும் வெளுத்த எழுத்தும் கொடுத்துட்டு, லைட் மோடுக்கு ஒரு மீடியா க்வெரி போட்டு மாத்துறாங்க. டெவலப்பர் மெஷின் டார்க் மோட்ல இருக்கும், அவர் அதுக்கு ஏத்த மாதிரி கலர் போட்டு முடிச்சிடுவார், பயன்படுத்துறவர் லைட் மோட்ல திறந்தா வெள்ளை மேல வெள்ளை எழுத்து. பட்டனுக்கும் எச்1க்கும் தனி ஸ்டைல் வேற இருக்கு, எச்1 சைஸ் 3.2 இஎம்! எங்கேர்ந்து இவ்வளவு பெருசா வருதுன்னு தேடிட்டு இருப்பாங்க.

அதனால உங்க டூல் சிஎஸ்எஸ் ரெண்டையும் சேத்து காலி பண்ணணும், இல்ல ரெண்டையும் தொடவே கூடாது. பாதி துடைக்கிறது துடைக்காததை விட கெடுதல்.

அப்புறம் டைட்டில். நெக்ஸ்ட்ல லேஅவுட் ஃபைல் உள்ள டைட்டில் "கிரியேட் நெக்ஸ்ட் ஆப்"னும் டிஸ்கிரிப்ஷன் "ஜெனரேட்டட் பை கிரியேட் நெக்ஸ்ட் ஆப்"னும் இருக்கும். சர்ச் எஞ்சின்ல அந்த வார்த்தையை போட்டு தேடிப்பாருங்க, லைவ்ல ஓடுற சைட் எத்தனை வருதுன்னு தெரியும். கிரியேட்-ரியாக்ட்-ஆப்ல டைட்டிலை மாத்துறவங்க கூட மேனிஃபெஸ்ட்.ஜேசனை மறந்துடுவாங்க, அதுல "கிரியேட் ரியாக்ட் ஆப் சாம்பிள்"னு பேரு அப்படியே இருக்கும், போன்ல ஹோம் ஸ்கிரீன்ல சேத்தாதான் தெரியவரும்.

கேள்விக்குறி:

இதுக்கு ஒரு டூலா? உங்களுக்கு பிடிச்ச மாதிரி ஒரு காலி ப்ராஜெக்ட் ரெடி பண்ணி கிட்ஹப்ல போட்டு டெம்ப்ளேட் ரெப்போன்னு டிக் பண்ணுங்க. 2019லேர்ந்து அந்த வசதி இருக்கு. இல்லன்னா டிகிட்னு ஒரு டூல் வச்சு அந்த ரெப்போவை ஹிஸ்டரி இல்லாம இறக்கிக்கோங்க. எழுதாத கோடை அழிக்க வேண்டிய தேவையே வராது.

நள்ளிரவு_டெவ்:

@கேள்விக்குறி அதையும் பண்ணி பாத்தாச்சுங்க. டெம்ப்ளேட் ரெப்போவை யாராவது பராமரிக்கணும்ல. ஆறு மாசம் விட்டா வைட் ஒரு மேஜர் வர்ஷன் தாண்டியிருக்கும், ஈஎஸ்லின்ட் (கோட்ல தப்பு பாக்குற டூல்) கான்ஃபிக் ஃபார்மேட்டே மாறியிருக்கும், அப்டேட் பண்றதுலயே அரை நாள் போகும். கிரியேட்-வைட் எப்பவும் புதுசா கொடுக்குது, அதோட நல்லதை எடுத்துக்கிட்டு அலங்காரத்தை மட்டும் கழட்டணும்னுதான் இந்த யோசனை. ஒரே ஸ்டாக்ல வருஷக்கணக்கா வேலை பாக்குற டீமுக்கு நீங்க சொல்றது சரி, நான் மறுக்கல.

@செமிகோலன் நெக்ஸ்டுக்கும் வியூவுக்கும் லிஸ்ட் எழுதினதை எடுத்துடறேன் அப்போ. அங்க ஓட்டினா "இதுக்கு ஃபிளாக் இருக்கு"ன்னு சொல்லிட்டு நிக்கட்டும்.

@பழைய_பிரவுசர் சிஎஸ்எஸ் ரெண்டும் ஜோடிங்கிறதை நான் யோசிக்கவே இல்ல, நன்றி. லிஸ்ட்ல "குரூப்"னு ஒண்ணு கொண்டுவரணும் போல, ஒரு குரூப்ல ஒரு ஃபைல் தொட முடியலன்னா மொத்த குரூப்பையும் விட்டுடணும்.

மெர்ஜ்_கான்ஃப்ளிக்ட்:

முதல் கேள்விக்கு வர்றேன், எதை அழிக்கலாம்னு டூல் எப்படி முடிவு பண்ணும். பேரை பாக்காதீங்க, உள்ளடக்கத்தை பாருங்க. டெம்ப்ளேட்ல வந்த ஃபைல் ஒரு எழுத்து கூட மாறாம இருந்தா அதை அழிக்கிறதுல யாருக்கும் நஷ்டம் இல்ல, ஏன்னா அது எப்ப வேணாலும் திரும்ப கிடைக்கும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அது பயனரோட ஃபைல், கை வைக்கக்கூடாது. இதுக்கு கேள்வியே கேக்க வேண்டாம், என்டர் தட்டுற பிரச்சனையும் தீர்ந்துது.

செய்யுறது ரொம்ப சுலபம். கிரியேட்-வைட்ங்கிற என்பிஎம் பேக்கேஜை இறக்கி பிரிச்சு பாத்தீங்கன்னா உள்ள "டெம்ப்ளேட்-ரியாக்ட்", "டெம்ப்ளேட்-ரியாக்ட்-டிஎஸ்"னு ஃபோல்டர் ஃபோல்டரா அப்படியே இருக்கும், எங்கயும் நெட்ல போய் கொண்டுவர்றது இல்ல. பழைய வர்ஷன் எல்லாம் என்பிஎம்ல கிடைக்கும். ஒவ்வொரு வர்ஷனையும் இறக்கி, ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்எச்ஏ-256 ஹேஷ் (உள்ளடக்கத்தோட கைரேகை மாதிரி, ஒரு எழுத்து மாறினாலும் வேற வரும்) எடுத்து ஒரு ஜேசன்ல போட்டுக்கோங்க. நோட்ல கிரிப்டோ மாட்யூல் கூடவே வருது, வெளி லைப்ரரி தேவையில்ல.

இதுல ஒரு சந்தேகம் வரும், இந்த ப்ராஜெக்ட் எந்த கிரியேட்-வைட் வர்ஷன்ல உருவாச்சுன்னு எங்கயும் எழுதி வைக்கிறது இல்லையே, பேக்கேஜ்.ஜேசன்ல இருக்கிறது வைட் வர்ஷன்தானேன்னு. தெரிய வேண்டிய அவசியமே இல்ல. பயனர் ஃபைலோட ஹேஷ் உங்க லிஸ்ட்ல எந்த வர்ஷன்லயாவது இருக்கான்னு மட்டும் பாருங்க, இருந்தா அது டெம்ப்ளேட் ஃபைல், கதை முடிஞ்சுது. வாரம் ஒரு தடவை சிஐல (சர்வர்ல டெஸ்ட் மாதிரி வேலையை தானா ஓட்டுற அமைப்பு) ஒரு ஜாப் ஓடி புது வர்ஷன் வந்திருந்தா ஹேஷ் சேத்துக்கட்டும்.

பேக்கேஜ்.ஜேசன், இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் மாதிரி ப்ராஜெக்ட் பேரை வச்சு மாத்தி எழுதப்படுற, இல்ல எழுதப்பட வாய்ப்பு இருக்கிற ஃபைலுக்கு இது ஒத்துவராது. அதுகளை அழிக்கவும் போறதில்ல, டைட்டில் டேக் மட்டும் மாத்தணும்னா தனியா பாத்துக்கலாம்.

நள்ளிரவு_டெவ்:

யோவ் இது செம. பேரை வச்சு அழிக்கிற கோடை மொத்தமா தூக்கிட்டு இதையே போடறேன்.

ரெண்டு இடத்துல இடிக்குது. ஒண்ணு, விண்டோஸ்ல கிட் (வர்ஷன் கன்ட்ரோல் டூல்) லைன் எண்டிங்கை மாத்திடும்ல, அப்போ ஒரே ஃபைலுக்கு ஹேஷ் வேற வருமே. இன்னொண்ணு, வேலை செய்யுறதுக்கு முன்னாடி கிட் ஸ்டேட்டஸ் கிளீனா, அதாவது கமிட் ஆகாத மாற்றம் எதுவும் இல்லாம இருக்கான்னு பாத்துட்டு, இல்லன்னா ஓட மாட்டேன்னு நிக்கலாம்னு நினைச்சேன், ஆனா கிரியேட்-வைட் கிட் இனிட் பண்றதே இல்ல. நெக்ஸ்ட், ஆங்குலர் எல்லாம் ஃபர்ஸ்ட் கமிட் போட்டு கொடுக்குது, இது .கிட்இக்னோர் மட்டும் கொடுத்துட்டு போயிடுது.

மெர்ஜ்_கான்ஃப்ளிக்ட்:

லைன் எண்டிங்: ஹேஷ் எடுக்குறதுக்கு முன்னாடி சிஆர்எல்எஃப் (விண்டோஸ் லைன் எண்டிங்) எல்லாத்தையும் எல்எஃப்பா (லினக்ஸ், மேக்ல வர்றது) மாத்திட்டு எடுங்க, லிஸ்ட்லயும் அப்படியே, பயனர் ஃபைல்லயும் அப்படியே. டெக்ஸ்ட் ஃபைலுக்கு மட்டும். ஐகோ, பிஎன்ஜிக்கு பைட்டை அப்படியே எடுங்க. எஸ்விஜி டெக்ஸ்ட்தான், மறந்துடாதீங்க.

சிலர் எடிட்டர்ல சேவ் பண்ணா ப்ரெட்டியர்ங்கிற ஃபார்மேட்டர் ஓடி செமிகோலன் போட்டு விடும், அப்போ ஹேஷ் பொருந்தாது, டூல் அதை தொடாம விடும். அது பரவாயில்லைங்க, விடட்டும். "மாத்தப்பட்டிருக்கு, விட்டுட்டேன்"னு ஒரு வரி சொல்லிட்டா அவரே பாத்துக்குவாரு. ஸ்பேஸ் எல்லாம் எடுத்துட்டு ஹேஷ் எடுக்கலாமேன்னு புத்திசாலித்தனம் பண்ண ஆரம்பிச்சா எங்கயாவது போய் மாட்டுவீங்க.

கிட் இல்லாத ப்ராஜெக்ட்: செமிகோலன் சொன்னதுதான், ஓரமா நகத்தி வைங்க. அழிக்கிற ஒவ்வொரு ஃபைலையும் ஒரு பேக்கப் ஃபோல்டருக்கு அதே பாத்ல நகத்துங்க, அதை எடுத்துக்க "அன்டு"னு ஒரு சப்கமாண்ட் கொடுங்க. கிட் இருந்தாலும் ஒரு பொறி இருக்கு, கமிட்டே ஆகாத அன்டிராக்டு ஃபைலை அழிச்சா கிட்டால ஒண்ணும் பண்ண முடியாது. கிட் ஸ்டேட்டஸை போர்சலின் (ஸ்கிரிப்ட் படிக்கிற மாதிரி சுருக்கமா காட்டுற) ஆப்ஷனோட ஓட்டினா அவுட்புட் முழுசா காலியா வரணும், அன்டிராக்டு ஒண்ணு இருந்தாலும் நிறுத்திடுங்க.

பூட்டு_சாவி:

பேச்சு நல்லா போகுது, நடுவுல ஒரு கசப்பு. ஃபைலை அழிக்கிற டூலை என்பிஎக்ஸ்ல ஓட்ட சொல்றீங்க, அதாவது முகம் தெரியாத ஒருத்தர் எழுதினதை இறக்கி என் மெஷின்ல என் பெர்மிஷனோட ஓட்டணும். என்பிஎம் 7லேர்ந்து இறக்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேக்குது, அதுக்கும் எல்லாரும் என்டர்தான். 2018ல ஈவன்ட்-ஸ்ட்ரீம், 2022ல நோட்-ஐபிசி பேக்கேஜ்கள்ல கெட்ட கோட் நுழைஞ்சது, 2025 செப்டம்பர்ல தானா பரவுற ஷாய்-ஹுலுட் புழு, எல்லாம் என்பிஎம்லதான் நடந்துது. நோட்-ஐபிசி கேஸ்ல குறிப்பிட்ட நாட்டு ஐபியா இருந்தா ஃபைல்களை மேலெழுதி நாசம் பண்ற கோடை அதை பராமரிச்சவரே உள்ள வச்சாரு.

நீங்க கெட்ட எண்ணத்துல பண்றீங்கன்னு சொல்லல. ஆனா இந்த டூலுக்கு டிபென்டன்சி (நம்பி நிக்கிற வெளி பேக்கேஜ்) பூஜ்யமா இருக்கணும்னு பிடிவாதமா இருங்க. ஆர்க்யுமென்ட் பிரிக்க யுட்டில் மாட்யூல்ல பார்ஸ்ஆர்க்ஸ் நோட் 18.3லேர்ந்து இருக்கு, கேள்வி கேக்க ரீட்லைன், ஃபைல் வேலைக்கு எஃப்எஸ், இது போதும். கலர் கலரா எழுத்து வர்றதுக்காக ஒரு லைப்ரரி இழுத்தீங்கன்னா அதோட சேந்து எத்தனை வரும்னு தெரியாது. இன்ஸ்டால் ஆனதும் தானா ஓடுற போஸ்ட்இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் வேண்டவே வேண்டாம். பப்ளிஷ் பண்றதுக்கு முன்னாடி என்பிஎம் பேக்கை டிரை-ரன்ல (நிஜமா செய்யாம காட்ட மட்டும் செய்யுறது) ஓட்டி உள்ள என்னென்ன போகுதுன்னு பாருங்க, டெஸ்ட்டுக்கு ரகசிய கீ எல்லாம் போட்டு வச்ச .என்வி ஃபைல் கூட சேந்து போன கதை உலகத்துல நிறைய இருக்கு.

இன்னும் ரெண்டு. பேக்கேஜ்.ஜேசன் இருக்கிற ஃபோல்டர்தான்னு மட்டும் பாத்தா போதாது, தெரியாம ஹோம் டைரக்டரியில என்பிஎம் இன்ஸ்டால் அடிச்சு அங்க ஒரு பேக்கேஜ்.ஜேசன் கிடக்குற மெஷின் நிறைய உண்டு. ஹோம், ரூட் ரெண்டையும் நேரடியா மறுத்துடுங்க. சிம்லிங்க்கையும் (வேற ஃபைலை சுட்டிக்காட்டுற லிங்க்) கவனிங்க, லிங்க்கை அழிச்சா லிங்க் மட்டும்தான் போகும், ஆனா லிங்க் வழியா ஃபைலை மாத்தி எழுதினா அது எங்கயோ இருக்கிற நிஜ ஃபைல்ல போய் விழும். எஃப்எஸ்ல இருக்கிற எல்ஸ்டாட் போட்டு பாருங்க, சிம்லிங்க்னா தொடாதீங்க.

புதுசா_வந்தவள்:

குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும். நான் இப்பதான் ரியாக்ட் கத்துக்கிறேன். ட்யூட்டோரியல்ல முதல் நிமிஷமே "இதெல்லாம் அழிச்சிடுங்க"ன்னு சொல்லிட்டு சர்ருனு அழிச்சிட்டு போறாங்க, எது எதுக்கு இருந்துச்சுன்னே தெரியல. எது டெமோ, எது நிஜமாவே வேணும்னு எப்படி தெரிஞ்சுக்கிறது? வைட்-என்வி.டி.டிஎஸ்னு ஒரு ஃபைல் இருக்கு, உள்ள ஒரே ஒரு கமென்ட் மாதிரி வரி, அதையும் அழிக்கலாமா?

பழைய_பிரவுசர்:

@புதுசா_வந்தவள் அழிக்காதீங்கம்மா! அது கமென்ட் மாதிரி தெரியும், ஆனா டைப்ஸ்கிரிப்ட்டுக்கு அது ஒரு உத்தரவு, எஸ்விஜி இம்போர்ட் பண்ணா அது என்ன டைப்னு அங்கேர்ந்துதான் தெரியும். அழிச்சா இம்போர்ட் வரியில எல்லாம் சிவப்பு கோடு. புது டெம்ப்ளேட்ல அதை டிஎஸ்கான்ஃபிக் உள்ள கொண்டு போயிட்டாங்கன்னா ஃபைலே இருக்காது, அது வேற விஷயம். நெக்ஸ்ட்ல இதே மாதிரி நெக்ஸ்ட்-என்வி.டி.டிஎஸ் இருக்கு, அதை அழிச்சாலும் திரும்ப அதுவே உருவாக்கிக்கும்.

பொதுவா பாத்தா திரையில தெரியுறது டெமோ, தெரியாதது அடித்தளம். இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்ல வியூபோர்ட் மெட்டா டேக், சார்செட் டேக் ரெண்டையும் தொடாதீங்க, வியூபோர்ட் போச்சுன்னா போன்ல பேஜ் எறும்பு சைஸ்ல தெரியும். மெயின் ஃபைல்ல ஸ்ட்ரிக்ட்மோட் இருக்கும், டெவலப்மென்ட்ல எஃபெக்ட் ரெண்டு தடவை ஓடுதேன்னு அதை எடுத்துடறவங்க இருக்காங்க, அது தப்பை காட்டிக்கொடுக்கத்தான் அப்படி ஓடுது, இருக்கட்டும்.

இந்த விதிக்கு விலக்கு ஆங்குலர். அங்க டெம்ப்ளேட் ஃபைல்ல பெருசா கமென்ட் போட்டு "இது வெறும் பிளேஸ்ஹோல்டர், அழிச்சிட்டு ஆரம்பிங்க"ன்னு அவங்களே எழுதியிருப்பாங்க. நம்பி கன்ட்ரோல்-ஏ டெலீட் அடிச்சா கடைசி வரியில இருக்கிற ரவுட்டர்-அவுட்லெட்டும் (ரவுட்டோட பேஜ் வந்து உக்கார்ற இடம்) சேந்து போயிடும், அப்புறம் எந்த ரவுட்டுக்கு போனாலும் பேஜ் காலி. கன்சோல்ல எரர் கூட வராது. நம்ம டூல்காரரும் இதை குறிச்சுக்கணும், அங்க அழிக்கக்கூடாது, அந்த ஒரு வரியை மட்டும் வச்சு மாத்தி எழுதணும். அதுவும் 20வது வர்ஷன்லேர்ந்து ஆப்.கம்போனன்ட்.எச்டிஎம்எல்ங்கிற பேரே ஆப்.எச்டிஎம்எல்னு மாறிப்போச்சு. பேரை வச்சு அழிக்கிற டூல்னா அன்னிக்கே செத்திருக்கும்.

செமிகோலன்:

@புதுசா_வந்தவள் இன்னொரு வழி, க்னிப்-னு ஒரு டூல் இருக்குங்க, எந்த ஃபைலை யாரும் இம்போர்ட் பண்ணல, எந்த பேக்கேஜை பயன்படுத்தலன்னு லிஸ்ட் போடும். ஆப் ஃபைலை நீங்களே கையால காலி பண்ணிட்டு அதை ஓட்டி பாருங்க, எது அனாதையா நிக்குதுன்னு தெரியும். பப்ளிக் ஃபோல்டர்ல இருக்கிற படத்தை மட்டும் நீங்களேதான் பாத்துக்கணும், அதுங்க இம்போர்ட் வழியா வராம யூஆர்எல்லா நேரா கூப்பிடப்படலாம், கோடை படிச்சு எல்லா நேரமும் சொல்ல முடியாது. முதல் ரெண்டு மூணு ப்ராஜெக்ட்ல கையாலயே அழிங்க, டூல் எல்லாம் அப்புறம்.

நள்ளிரவு_டெவ்:

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு முடிவு பண்ணியிருக்கிறது: வெறுமனே ஓட்டினா எதையும் செய்யாது, என்ன செய்யப்போகுதுன்னு மட்டும் காட்டும், எழுதணும்னா தனியா ஒரு ஃபிளாக் கொடுக்கணும். டிரை-ரன்னை ஆப்ஷனா வைக்காம அதையே டீஃபால்ட்டா வச்சுட்டேன். ஹேஷ் பொருந்துற ஃபைல் மட்டும் பேக்கப் ஃபோல்டருக்கு போகும், பேக்கப் ஃபோல்டர் பேரை கிட்இக்னோர்ல சேத்துடும். சிஎஸ்எஸ் ரெண்டும் ஒரு குரூப். வரிசையும் முக்கியம்னு தெரிஞ்சுது, ஆப் ஃபைலை முதல்ல மாத்தி எழுதிட்டு அப்புறம்தான் எஸ்விஜியை நகத்தணும், இல்லன்னா டெவ் சர்வர் ஓடிட்டு இருக்கும்போது இம்போர்ட் கிடைக்கலன்னு ஸ்கிரீன் முழுக்க சிவப்பா ஒரு எரர் வந்து நிக்குது, வேலை முடிஞ்சதும் போயிடும், ஆனாலும் பாக்குறவங்க பயந்துடுவாங்க. ஆப் ஃபைல் ஹேஷ் பொருந்தலன்னா எஸ்விஜி, சிஎஸ்எஸ் எதையும் தொடாம அதோடயே நிறுத்திடுது, ஏன்னா அதுல இருக்கிற இம்போர்ட் எதை நம்பி இருக்குன்னு எனக்கு தெரியாது.

ஃபேவிக்கான் (பிரவுசர் டேப்ல வர்ற ஐகான்) மட்டும் யோசனையா இருக்கு. வைட்.எஸ்விஜியை எடுத்துட்டு எச்டிஎம்எல்ல லிங்க் டேக்கை விட்டா இல்லாத ஃபைலை கேக்கும், லிங்க்கையும் எடுத்தா பிரவுசர் தானாவே ஃபேவிக்கான்.ஐகோ வேணும்னு கேட்டு சர்வர் லாக்ல 404 விழும். காலி டேட்டா யூஆர்எல் ஒண்ணை எச்ரெஃப்ல வச்சுடலாம்னு இருக்கேன், வேற யாருக்காவது நல்ல யோசனை இருந்தா சொல்லுங்க.

மெர்ஜ்_கான்ஃப்ளிக்ட்:

டேட்டா யூஆர்எல் ஓகே. ஆனா நிஜ ஐகான் போட மறந்துடுவாங்க, ஓடி முடிஞ்சதும் "ஐகான் இன்னும் போடல, டைட்டில் இன்னும் மாத்தல"ன்னு கடைசியில ஒரு வரி காட்டுங்க.

டெஸ்ட் ஃபைலை யாரும் சொல்லலையே. கிரியேட்-ரியாக்ட்-ஆப்ல ஆப்.டெஸ்ட்.ஜேஎஸ் "லேர்ன் ரியாக்ட்"ங்கிற லிங்க் பேஜ்ல இருக்கான்னுதான் பாக்கும், ஆப்பை காலி பண்ணிட்டு டெஸ்ட்டை விட்டா முதல் சிஐ ரன்னே ஃபெயில். ஆங்குலர் ஸ்பெக் (டெஸ்ட்) ஃபைல்லயும் "ஹலோ"ன்னு டைட்டில் வருதான்னு ஒரு டெஸ்ட் உண்டு. டெஸ்ட்டையும் ஆப் ஃபைலோட ஒரே குரூப்ல போடுங்க.

நள்ளிரவு_டெவ்:

போட்டாச்சு. ஆங்குலர் ஸ்பெக்ல கம்போனன்ட் உருவாகுதான்னு பாக்குற டெஸ்ட்டை வச்சுக்கிட்டு டைட்டில் டெஸ்ட்டை மட்டும் எடுத்து மாத்தி எழுதுது. ரெப்போவை ஓப்பன் பண்ணிட்டு இங்கயே லிங்க் போடறேன், @பூட்டு_சாவி என்பிஎம்ல ஏத்துறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை கோடை பாத்து சொன்னா நல்லாருக்கும்.

பூட்டு_சாவி:

லிங்க் போடுங்க, பாக்குறேன். ஹேஷ் லிஸ்ட்டை உருவாக்குற ஸ்கிரிப்ட்டையும் ரெப்போல வைங்க, லிஸ்ட் சரிதானான்னு நானே ஓட்டி பாத்துக்கணும்.